லாந்தர் மீன்: குமரிக் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களின் ஏலக்கூடங்களில் லாந்தர் மீன் விற்பனைக்கு வருவதில்லை. ஆயினும் அங்கே ஏலம் போகும் சூரை, கேரை, ஆழ்கடல் கணவாய் ஆகியவற்றின் உணவில் இந்தச் சிறு மீனுக்குப் பெரிய இடம் உண்டு. தங்கு கடலுக்குச் செல்வோரும், கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் மாணவர்களும், கடலைப் பற்றி அறிய விரும்பும் பிறரும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

லாந்தர் மீன் என்பது ஒரே இனமா?

இல்லை. மிக்டோஃபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் அனைத்தையும் இப்பெயர் குறிக்கிறது. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 250 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவை 30-க்கும் மேற்பட்ட பேரினங்களில் அடங்கும். துருவக் கடல்கள் முதல் நிலநடுக்கோட்டுக் கடல்கள் வரை இவை இல்லாத பெருங்கடல் இல்லை. பெரும்பாலானவை 15 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. மழுங்கிய மூக்கு, கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும் வாய், தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் கண், வாலுக்கு அருகே முதுகின் மேல் ஒரு சிறிய கொழுப்புத் துடுப்பு, வயிற்றிலும் விலாவிலும் வரிசையாக அமைந்த ஒளிப்புள்ளிகள் ஆகியவை இக்குடும்பத்தின் பொது அடையாளங்கள்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நம் அரபிக் கடலுக்கு மிக நெருக்கமான பெந்தோசீமா டெரோட்டம் என்ற இனத்தை முன்வைத்தே பேசுகிறோம். இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலில் பணியாற்றிய மருத்துவரும் இயற்கையியலாளருமான ஆல்ஃபிரட் ஆல்காக், 1890-ஆம் ஆண்டில் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். முழு வளர்ச்சியிலும் இதன் நீளம் 7 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இவ்வளவு சிறிய மீனைப் பற்றி இத்தனை கேள்விகளா என்று யாரேனும் நினைக்கலாம்; எண்ணிக்கையில் இது எவ்வளவு பெரியது என்பதைக் கீழே படிக்கும்போது அந்த எண்ணம் மாறும்.

நம் மாவட்டத்தின் கடலில் இது உள்ளதா? வாட்ஜ் கரையில் கிடைக்குமா?

கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வாட்ஜ் கரை, கண்டத்திட்டின் பகுதி. அதாவது ஆழம் குறைந்த, வளம் மிகுந்த மேடு. 1976-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் அமைந்தது. ஆழம் குறைந்த அந்த மேட்டின் நடுவே லாந்தர் மீன் பகல் பொழுதைக் கழிக்க முடியாது. அதற்குத் தேவையான இருளும் ஆழமும் கண்டத்திட்டு முடிந்து அடித்தளம் சரியத் தொடங்கும் இடத்திற்கு அப்பால்தான் கிடைக்கின்றன. ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 1,000 மீட்டர் வரை நீளும், சூரிய ஒளி மங்கி மறையும் அந்த நடுநீர் அடுக்கே இம்மீன்களின் வீடு.

எனவே கரையோரம் வலை வீசும் வள்ளங்களுக்கு இது அகப்படுவதில்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்களிலிருந்து கொச்சியைத் தளமாகக் கொண்டு அரபிக் கடலின் நடுப்பகுதி வரை சென்று ஆயிரங்கால் தூண்டில் விடும் மீனவர்கள், நாள்தோறும் இம்மீன்களின் மேலாகவே பயணம் செய்கிறார்கள். கொல்லத்துக்கு அப்பால் சரிவுப் பகுதியில் ஆழ்கடல் இறாலுக்காக இழுக்கப்படும் மடிகளில் டயாஃபஸ், பெந்தோசீமா பேரினங்களைச் சேர்ந்த லாந்தர் மீன்கள் இறாலோடு கலந்து வருவது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இப்பகுதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இந்தியாவின் தென்முனையிலும் மேற்குக் கரையோரத்திலும் கீழே கிடக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. அதனால் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் பெருகுகின்றன. அந்த ஓட்டுயிரிகளே லாந்தர் மீனின் முதன்மை உணவு. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை நடைமுறையில் இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கடலுக்குள் நடக்கும் பெரிய வேலை இதுதான்.

பகலில் ஆழத்திலும் இரவில் மேற்பரப்புக்கு அருகிலும் இருப்பது ஏன்?

இம்மீனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பயணத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. உணவு மேலே இருக்கிறது. ஆபத்தும் மேலேதான் இருக்கிறது. வெயில் படும் நீரில்தான் நுண்பாசி வளரும். அதை மேயும் உயிர்களும் அங்கேதான் திரளும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அங்கே நின்றால், கண்ணால் பார்த்து வேட்டையாடும் சூரைக்கும் கேரைக்கும் தப்ப முடியாது. ஆகவே பகல் முழுவதும் மங்கல் நீரில் ஒதுங்கி நின்று, பொழுது சாயும்போது மேலேறி, இரவு முழுவதும் இரை தேடி, விடிவதற்குள் மீண்டும் இறங்கிவிடுகின்றன.

எவ்வளவு தொலைவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன் 400 மீட்டர் மேலேறுகிறது என்றால், அது தன் உடல் நீளத்தைப் போல 8,000 மடங்கு தொலைவை மாலையில் ஒருமுறையும், விடியலில் இன்னொரு முறையும் நீந்திக் கடக்கிறது. பெந்தோசீமா டெரோட்டம் இவ்வளவு ஆழம் செல்ல வேண்டியதில்லை. அது பகலில் பெரும்பாலும் 130 முதல் 300 மீட்டர் ஆழத்தில் நின்று, இரவில் மேற்பரப்பை ஒட்டிய நீருக்கு வருகிறது. வேறு சில இனங்கள் 1,000 மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. எல்லா மீன்களும் எல்லா இரவும் ஏறுவதில்லை என்பதும் அறியப்பட்டுள்ளது. ஒரு பகுதி மீன்கள் ஆழத்திலேயே தங்கிவிடுகின்றன, மேலேறாத இனங்களும் உண்டு.

இப்பயணத்தை முடுக்கிவிடும் முதன்மைக் குறி ஒளி. தமக்கு ஏற்ற மங்கல் வெளிச்சம் எந்த ஆழத்தில் நிலவுகிறதோ அந்த ஆழத்தைப் பின்தொடர்ந்தே இவை ஏறி இறங்குகின்றன. மேகமூட்டமான நாளிலும் சூரிய கிரகணத்தின்போதும் பகலிலேயே இம்மீன்களின் திரள் சற்று மேலேறுவது ஒலியலைக் கருவிகளில் பதிவாகியிருக்கிறது.

நிலாக்காலத்தில் இவற்றின் நடமாட்டம் மாறுமா?

மாறும். முழுநிலவு நாட்களில் பல இனங்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் வராமல் சில பத்து மீட்டர்கள் தாழவே நின்றுவிடுகின்றன. இருட்டுக்காலத்தில் மேலே நெருங்கி வருகின்றன. இவற்றைத் தின்னும் மீன்களும் கணவாயும் இரையைத் தொடர்ந்து ஆழம் மாற்றிக்கொள்ளும் என்பதால், நிலவையும் இருட்டையும் கணக்கில் வைத்துத் தொழிலுக்குப் போகும் நம் மீனவர்களின் பழக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். கரையில் தலைமுறைகளாகக் கைமாறி வரும் அந்த அறிவை நம் கல்லூரி மாணவர்கள் முறையாகக் குறித்து வைப்பது மிகவும் பயனுள்ள பணி.

ஒளி எங்கிருந்து வருகிறது? தூண்டில் மீனைப் போல பாக்டீரியாவால் வருகிறதா?

இரண்டும் வேறு வேறு. தலையில் தூண்டில் போன்ற உறுப்பைத் தாங்கும் ஆழ்கடல் மீன்கள், அதன் நுனியில் ஒளிரும் பாக்டீரியாக்களை வளர்த்து அவற்றின் ஒளியைப் பயன்படுத்துகின்றன. லாந்தர் மீனின் ஒளியோ அதன் சொந்த உயிரணுக்களில் நிகழும் வேதிவினையால் பிறக்கிறது. லூசிஃபெரின் எனப்படும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது ஒளி வெளிப்படுகிறது. இங்கே லூசிஃபெரினாகச் செயல்படுவது சீலென்டெரசின் என்ற சேர்மம். கடலில் ஒளிரும் உயிர்கள் பலவற்றுக்கும் பொதுவான இச்சேர்மத்தை லாந்தர் மீன் தன் இரையின் வழியாகவே பெறுவதாகக் கருதப்படுகிறது.

ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் ஒரு முழுமையான உறுப்பு. ஒளியை உண்டாக்கும் உயிரணுக்கள் நடுவே இருக்கின்றன; அவற்றுக்குப் பின்னால் ஒளியை எதிரொளிக்கும் படலமும், ஒளி உடலுக்குள் கசியாமல் தடுக்கும் கருநிற உறையும் அமைந்திருக்கின்றன; முன்னால் உள்ள செதிள் தடித்து வில்லையாகப் பயன்படுகிறது. இந்த உறுப்புகளின் செயல் நரம்புகளின் கட்டுப்பாட்டில் இருப்பதால், மீன் தன் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் முடியும். வெளிவரும் ஒளி நீலநிறமானது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 470 நானோமீட்டர். கடல்நீரில் மிகத் தொலைவு ஊடுருவிச் செல்லும் நிறமும் நீலமே.

அந்த ஒளியால் மீனுக்கு என்ன பயன்?

முதற்பயன் ஒளிந்துகொள்வது. நண்பகலில் தலைக்கு மேலே வட்டமிடும் பருந்து கறுப்பு உருவமாகவே நம் கண்ணுக்குத் தெரிவது போல, மேலிருந்து இறங்கும் மங்கிய ஒளியை மறைத்துக்கொண்டு நிற்கும் மீன், கீழே உள்ள பகைவனுக்கு நிழலாகத் தெரியும். வயிற்றில் உள்ள புள்ளிகள், மேலிருந்து வரும் ஒளிக்கு ஈடான நிறத்திலும் அளவிலும் கீழ்நோக்கி ஒளிர்ந்து அந்த நிழலை அழித்துவிடுகின்றன. மேலே ஒளி கூடினால் மீனும் தன் ஒளியைக் கூட்டுகிறது; குறைந்தால் குறைக்கிறது. இருளில் வாழும் ஓர் உயிர், ஒளியையே மறைவிடமாக ஆக்கிக்கொண்டது உயிரியலில் என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்திகளில் ஒன்று.

இரண்டாவது பயன் தன் இனத்தை அறிவது. ஒளிப்புள்ளிகள் அமைந்துள்ள ஒழுங்கு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. மீன் வகைப்பாட்டாளர்களும் இவ்வொழுங்கைக் கொண்டே இனங்களைப் பிரித்தறிகிறார்கள். பெந்தோசீமா உள்ளிட்ட பல பேரினங்களில் ஆணுக்கு வால் அடியின் மேற்புறத்திலும் பெண்ணுக்குக் கீழ்ப்புறத்திலும் ஒளிரும் சுரப்பி உள்ளது. வயிற்றுப் புள்ளிகளின் மெல்லிய ஒளியைப் போலன்றி, இந்தச் சுரப்பிகள் பளிச்சென்று மின்னக்கூடியவை. துணையைக் கவர்வதற்கும், துரத்தும் பகைவனைத் திகைக்கவைப்பதற்கும் இவை உதவக்கூடும்.

மூன்றாவது பயன் இரை தேடுவது. டயாஃபஸ் பேரினத்தைச் சேர்ந்த மீன்களுக்குக் கண்களை ஒட்டி முகத்தின் முன்புறத்தில் பெரிய ஒளியுறுப்புகள் உள்ளன. அவற்றின் ஒளியை முன்னே பாய்ச்சி, எதிரே உள்ள சிறு இரையைக் காண்கின்றன.

இரவில் அலை உடையும்போது தெரியும் நீல ஒளியும் இதனால்தானா?

அன்று. கரையில் நாம் காணும் அந்த ஒளி, நாக்டிலூகா போன்ற ஒரு செல் மிதவை உயிரிகள் அலைக்கப்படும்போது உண்டாவது. லாந்தர் மீன் கரைக்கு வருவதில்லை.

அவ்வளவு அழுத்தத்தையும் குளிரையும் அது எப்படித் தாங்குகிறது?

நீரில் 10 மீட்டர் இறங்கும்தோறும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 500 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப் போல ஏறக்குறைய 51 மடங்கு அழுத்தம் நிலவும். உடலின் திசுக்களில் பெரும்பகுதி நீர் என்பதால் அவை நசுங்குவதில்லை. சிக்கல் காற்றுப்பையில்தான் எழுகிறது. பல இனங்களில் இளம் பருவத்தில் வாயு நிறைந்திருக்கும் காற்றுப்பை, வளர்ந்தபின் சுருங்கிவிடுகிறது அல்லது கொழுப்பால் நிரம்பிவிடுகிறது. கொழுப்பு நீரைவிட எடை குறைந்தது; அழுத்தத்தால் எளிதில் சுருங்காதது. எனவே நாள்தோறும் ஏறி இறங்கும் மீனுக்கு அது பொருத்தமான மிதவை.

வெப்பநிலையும் பெரிதும் மாறுகிறது. நம் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ் இருக்க, 500 மீட்டரில் 10 டிகிரி அளவே இருக்கும். ஒரே நாளில் இவ்விரண்டையும் தாங்குவது எளிதன்று. ஆனால் குளிரில் உடலின் வேதிவினைகள் மெதுவாகும் என்பதால், பகலில் அசைவின்றி ஆழத்தில் நிற்கும்போது மீன் செலவிடும் ஆற்றல் குறைகிறது. இரவில் உண்டதைக் குளிரில் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று சொல்லலாம்.

அரபிக் கடலில் இவற்றைவிடக் கடினமான ஒரு தடை உண்டு. ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே தொடங்கி 1,000 மீட்டருக்கும் அப்பால் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு பரந்திருக்கிறது. வடக்கே அது கடுமையாகவும் தெற்கே நம் பக்கம் சற்றுத் தணிந்தும் காணப்படுகிறது. பெரும்பாலான மீன்கள் மூச்சுவிடத் திணறும் அந்த நீரில் பெந்தோசீமா டெரோட்டம் பகலைக் கழிக்கிறது. பெரிய மீன்கள் நெடுநேரம் தங்க முடியாத இடம் என்பதால், அந்த ஆக்சிஜன் குறைவே இதற்கு ஒரு காவலாகவும் அமைகிறது.

கண் ஏன் அவ்வளவு பெரிது?

கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் விடாமல் சேர்த்துக்கொள்வதற்காக. விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்புச் செல்கள் இல்லை. மங்கிய ஒளியை உணரும் நீண்ட கோல் செல்களே நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. அவற்றின் நிறமிகள் நீல ஒளிக்கு மிகக் கூர்மையானவை. மேலிருந்து இறங்கும் ஒளியும், தன் இனம் வீசும் ஒளியும் நீலமாகவே இருப்பதால் இந்த ஏற்பாடு போதுமானது.

என்ன தின்கிறது? எத்தனை காலம் வாழ்கிறது?

கோபிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகள், கிரில் வகையைச் சேர்ந்த சிறு இறாலினங்கள், பிற மிதவை உயிர்கள், மீன் குஞ்சுகள் ஆகியவை இதன் உணவு.

ஆயுள் இனத்தையும் இடத்தையும் பொறுத்தது. மீனின் காதுக்குள் உள்ள செவிக்கல்லில் நாளுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிடுகிறார்கள். அவ்வாறு பார்த்ததில் வெப்பமண்டலச் சிறு இனங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்வது தெரிகிறது. பெந்தோசீமா டெரோட்டமும் அப்படியே. அதே பேரினத்தைச் சேர்ந்த, வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் பெந்தோசீமா கிளேசியேல் 8 ஆண்டுகள் வரை வாழக்கூடியது.

பெண் மீன் இடும் முட்டைகள் சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் வரைதான். சாளையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள முட்டைகள் நீரில் மிதந்து பொரிக்கின்றன. குஞ்சுகள் மேல் 200 மீட்டர் நீரில் வளர்ந்து, உருமாற்றம் பெறும்போது ஒளிப்புள்ளிகள் தோன்ற, மெல்ல ஆழத்துக்கு இறங்கி, பெரிய மீன்களின் தினசரிப் பயணத்தில் சேர்ந்துகொள்கின்றன.

படகில் உள்ள எக்கோ சவுண்டரில் (ஒலியலையால் ஆழம் அறியும் கருவியில்) அடித்தளம் போலத் தெரிந்து, மாலையில் மேலேறும் படலம் இதுதானா?

பெரும்பாலும் இதுவும், இதனோடு சேர்ந்து வாழும் பிற உயிர்களும்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஒலியலைச் சோதனைகளை நடத்தியவர்கள், பல நூறு மீட்டர் ஆழத்தில் ஒலியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருப்பதைக் கண்டனர். அது பாறையாக இருக்க முடியாது. ஏனென்றால் அடித்தளம் அதற்கும் மிகக் கீழே இருந்தது. கடலுயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன், அது உயிர்களால் ஆன அடுக்காக இருக்க வேண்டும் என்று கருதி, 1945-ஆம் ஆண்டு ஒரு முழு நாள் தொடர்ந்து கவனித்து, மாலையில் அது மேலேறி விடியலில் இறங்குவதை உறுதி செய்தார். இளம் மீன்களிலும் சில இனங்களிலும் காற்றுப்பையில் உள்ள வாயு ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்பும் என்பதால், விரல் நீளமே உள்ள மீன்கள் திரளும்போது கருவியின் திரையில் தரை போலத் தோன்றுகின்றன.

இன்று நம் விசைப்படகுகளிலும் எக்கோ சவுண்டர் உள்ளது. ஆழ்கடலில் நிற்கும்போது அந்தி நேரத்தில் திரையைக் கவனித்தால், உலகின் மிகப்பெரிய உயிரின இடப்பெயர்ச்சியின் ஒரு பகுதியை நேரடியாகப் பார்க்கலாம்.

சூரைக்கும் கணவாய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன?

மிதவை உயிர்கள் மிக நுண்ணியவை. கேரை போன்ற பெரிய மீனால் அவற்றைப் பொறுக்கித் தின்று உடலை வளர்க்க முடியாது. அவற்றைத் தின்று, பெரிய மீனின் வாய்க்கு ஏற்ற கொழுப்பு நிறைந்த கவளமாக மாற்றித் தரும் இடைநிலை உயிர்களில் லாந்தர் மீன் முதன்மையானது. அரபிக் கடலில் திரளும் ஊதா முதுகுக் கணவாயின் உணவில் பெரும்பகுதி லாந்தர் மீன்களே. படகுகளின் முன்னே துள்ளிச் சுழலும் சுழல் ஓங்கில்கள் பகலில் ஓய்வெடுத்து, இரவில் மேலேறி வரும் இத்திரள்களை வேட்டையாடுகின்றன. நடுக்கடலில் பிடிபடும் சூரையின் இரைப்பையைக் கீறிப் பார்க்கும் மீனவர்கள், பாதி செரித்த நிலையில் இவற்றைக் கண்டிருக்க வாய்ப்புண்டு.

இக்காரணத்தால், ஆழ்கடல் தொழிலை நம்பி வாழும் நம் மாவட்டக் குடும்பங்களுக்கு இம்மீன் அந்நியமானதன்று. அது விற்பனைக்கு வராவிட்டாலும், விற்பனைக்கு வருவன அதன் மேல் நிற்கின்றன.

கடலில் எவ்வளவு லாந்தர் மீன் இருக்கிறது?

1980-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகின் நடுநீர் மீன்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 கோடி டன் இருக்கும் என்றது. அது வலைகளில் கிடைத்த மீனைக் கொண்டு செய்த கணக்கு. ஆனால் இம்மீன்கள் வலை வருவதை உணர்ந்து விலகிவிடும் இயல்புடையவை. ஸ்பெயின் நாட்டின் மலாஸ்பினா 2010 என்ற உலகம் சுற்றும் ஆய்வுப் பயணத்தில் ஒலியலைகளைக் கொண்டு அளந்து, 2014-இல் வெளியிட்ட முடிவுகள், அந்த அளவு பத்து மடங்காக, அதாவது 1,000 கோடி டன் அளவில், இருக்கக்கூடும் என்று காட்டின. இதில் லாந்தர் மீன்களின் பங்கு மிகப் பெரிது. உலகின் கடல்களில் மனிதர் ஆண்டுதோறும் பிடிக்கும் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 8 கோடி டன் என்பதை இதனோடு ஒப்பிடலாம். அரபிக் கடலின் வடக்கிலும் மேற்கிலும் மட்டும் 10 கோடி டன் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. மதிப்பீடுகளுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, எந்த ஓர் எண்ணையும் உறுதியான இருப்பாகக் கொண்டு திட்டம் வகுக்கக் கூடாது.

அப்படியானால் பிடித்து உண்ணலாமே? மீன்மாவு ஆக்கலாமே?

இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். புரதமும் கொழுப்பும் நிறைந்த மீன் இது. ஆனால் சில இனங்களின் உடலில் மெழுகு வகைக் கொழுப்பு அதிகம். மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாததால் வயிற்றுப்போக்கு உண்டாகும். அளவில் சிறியது, விரைவில் கெட்டுவிடுவது, எலும்பும் முள்ளும் பிரிக்க இயலாதது ஆகிய காரணங்களாலும் இது மக்கள் உணவாகவில்லை. எனவே மீன்மாவும் மீனெண்ணெயுமே இதன் பயனாகப் பேசப்படுகின்றன.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. தென்னாப்பிரிக்கா 1970-களில் லாம்பனிக்டோடெஸ் ஹெக்டோரிஸ் என்ற இனத்தை வளைவலையால் பிடித்தது. 1973-இல் 40,000 டன்னுக்கு மேல் கிடைத்தது. ஆனால் மீனில் மிகுந்திருந்த எண்ணெய், ஆலைகளின் இயந்திரங்களுக்கு இடையூறானதால் அத்தொழில் நிலைக்கவில்லை. சோவியத் ஒன்றியம் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் எலக்ட்ரோனா கார்ல்ஸ்பெர்கி என்ற இனத்தைப் பெருமளவில் பிடித்தது. அந்நாடு உடைந்தபின் அதுவும் நின்றுபோனது. ஈரான் ஓமான் வளைகுடாவில் பெந்தோசீமா டெரோட்டத்தைப் பிடித்துச் சோதித்தது. நம் நாட்டிலும் 1984-இல் பணியைத் தொடங்கிய சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலின் வழியாக இம்மீன்களின் இருப்பு ஆராயப்பட்டு வருகிறது.

என் கருத்து இது: இவ்வளவு இருக்கிறதே, எடுத்தால் என்ன என்று கேட்பது போதாது. ஓராண்டுக்குள் வாழ்ந்து முடிக்கும் மீன் விரைவில் பெருகும் என்பது உண்மை. ஆனால் சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் முட்டைகளே இடுவதும் உண்மை. ஒரு பருவத்தில் முட்டையிடும் மீன்களை அள்ளிவிட்டால், அடுத்த ஆண்டுக்கு வயது முதிர்ந்த மீன்கள் கையிருப்பில் இரா. அதைவிட முக்கியமானது, மீன்மாவுக்காக அள்ளப்படும் ஒவ்வொரு டன்னும் கேரையின், சூரையின், கணவாயின் உணவிலிருந்து போகிறது. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் தூத்தூர்ப் பகுதி மீனவருக்கு வர வேண்டியதை, பெருங்கப்பல் ஒன்று இறால் பண்ணைத் தீவனமாக மாற்றிவிடும் நிலை வரக் கூடாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், போதிய ஆய்வு இல்லாமல் லாந்தர் மீன் உள்ளிட்ட இரைமீன்களுக்குப் புதிய மீன்பிடித் தொழில் தொடங்கக் கூடாது என்று 2016-இல் விதி கொண்டுவந்தார்கள். நம் கடலுக்கும் அத்தகைய விதி வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பருவநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மேற்பரப்பில் நுண்பாசிகள் காற்றிலிருந்து கரைந்த கார்பனை உணவாக மாற்றுகின்றன. அந்த உணவு மிதவை உயிர்களின் வழியாக லாந்தர் மீனின் உடலுக்குள் வருகிறது. மீன் விடியலில் ஆழத்துக்கு இறங்கி, அங்கே மூச்சுவிட்டும் கழிவை வெளியேற்றியும் இறந்தும் அந்தக் கார்பனைக் கீழேயே விட்டுவிடுகிறது. ஆழ்நீர் மேற்பரப்புக்குத் திரும்ப நெடுங்காலம் ஆகும் என்பதால் அந்தக் கார்பன் அதுவரை காற்றில் சேராமல் இருக்கும்.

ஞெகிழிக் கழிவு இவற்றையும் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. வட பசிபிக்கில் பிடித்த மிதவையுண்ணி மீன்களின் இரைப்பையை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 35 விழுக்காடு மீன்களில் ஞெகிழித் துணுக்குகள் இருந்தன; அவற்றில் பெரும்பாலானவை லாந்தர் மீன்கள். இரவில் மேலேறி வந்து இரையென்று விழுங்கும் துணுக்குகளை இவை ஆழத்துக்கும், தம்மைத் தின்னும் மீன்களுக்கும் கொண்டு செல்கின்றன. அறுந்த நைலான் வலைத்துண்டுகளைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் காட்சிக்கூடங்களில் ஏன் இதைக் காண முடிவதில்லை?

வலையில் மேலே வரும்போதே வெப்பமாற்றமும் அழுத்தமாற்றமும் உராய்வும் இதைக் கொன்றுவிடுகின்றன. செதிள்கள் எளிதில் உதிர்ந்துவிடும், தோலும் உரிந்துவிடும். நல்ல நிலையில் ஒரு மாதிரி கிடைப்பதே அரிது.

தூண்டிலில் பிடித்த சூரையின் இரைப்பையிலோ இழுவைமடியிலோ ஒன்று கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். முத்துப் போன்ற சிறு புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் லாந்தர் மீன். தொட்டுத் தேய்க்காமல், உடனே ஒரு சிறு குறியளவோடு நிழற்படம் எடுங்கள். படகில் பனிக்கட்டி இருந்தால், மீனை ஒரு சிறு பையில் தனியே இட்டு அதன் நடுவே வையுங்கள். கரைக்கு வந்ததும் சாராயச் சத்தான எத்தனாலில் இடுவது நல்லது. ஃபார்மலினில் நெடுநாள் இருந்தால் செவிக்கல் கரைந்து வயதை அறிய முடியாமல் போகும். பிடித்த தேதி, நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம், நீரின் ஆழம், நிலாக்காலமா இருட்டுக்காலமா என்ற விவரம், எந்த மீனின் இரைப்பையில் கிடைத்தது என்ற விவரம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி உடன் இடுங்கள். இவ்விவரங்கள் இல்லாத மாதிரியால் ஆய்வுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் உள்ள விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இயங்குகிறது. கொச்சியில் கடல்வாழ் வளங்கள் மற்றும் சூழலியல் மையம் உள்ளது. இரண்டில் எதற்கும் மாதிரியை ஒப்படைக்கலாம். அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறை வழியாகவும் அனுப்பலாம்.